தலைவருக்கு இடமில்லை

தலைவர் காலமான அன்று தெருவே கதவடைத்திருந்தது. ஒரே ஒரு கடை மட்டும் பாதி ஷட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் அந்த வெளிநாட்டுக்காரரின் பேனர் கடை.

“நாட்டுக்கே தலைவர் போயிட்டாரு. இவருக்கு வியாபாரம் கேக்குது பாருங்க” என்றார் எதிர்க்கடை தையல்காரர், தன் கடைப் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே.

பேனர்காரர் காதில் விழுந்தது. அவர் என்ன செய்வார், பாவம்? கடையைத் திறக்கச் சொன்னதே வார்டு கவுன்சிலர்தான். வெளிநாட்டுக்காரர் இந்த ஊரில் தொடர்ந்து குடியிருக்க அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் கவுன்சிலர் கையெழுத்து வேண்டும். இந்த மாதத்துக்குள் அது கிடைக்காவிட்டால், மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு எந்த நாட்டிலிருந்து தப்பி ஓடிவந்தாரோ அங்கேயே திரும்ப வேண்டியதுதான்.

இந்த ஊர் மொழியை அவர் பேனர் அடித்தே கற்றுக்கொண்டவர். யார் வந்தாலும் “வருக வருக” என்பார். மகள் சாப்பிட அடம்பிடித்தால் “வன்மையாகக் கண்டிக்கிறோம்” என்பார். மற்றபடி நன்றாகவே பேசுவார்.

கவுன்சிலர் தன் மச்சானோடு ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தார்.

“வருக வருக.”

“அதெல்லாம் இருக்கட்டும். பேனரைக் காட்டு.”

கம்ப்யூட்டர் திரை முழுக்கத் தலைவர். மேலே ‘எங்களை விட்டுப் போய்விட்டீர்களே! கண்ணீர் அஞ்சலி’ என்ற வாசகம். கீழே ஓரமாகக் கவுன்சிலர்.

“என்னய்யா, என்னைக் கொசு மாதிரி ஒட்டி வெச்சிருக்க? பெருசாக்கு.”

பெரிதாக்கினார். தலைவர் கொஞ்சம் ஒதுங்கினார்.

“இன்னும்.”

தலைவர் மூலைக்குப் போனார்.

“இப்ப என் பேரைக் கொட்டை எழுத்துல போடு. என் சகலை, சித்தப்பா பையன், ரெண்டு பேரையும் கீழ வரிசையா வை.”

தலைவர் தபால்தலை ஆனார்.

பேனர்காரருக்கு மனசு கேட்கவில்லை. “சார், எங்க நாட்டுல தலைவர் செத்தா அழணும்னு உத்தரவு வரும். அழாதவங்க பேரை எழுதிக்குவாங்க. நான்கூட அங்க நல்லா அழுதிருக்கேன். இங்க யாரும் சொல்லாமலே அழறாங்க. காலையில டிவி பாத்து எனக்கே கண்ணு கலங்கிடுச்சு.”

“உனக்கு இங்க ஓட்டே இல்ல. நீ எதுக்கு அழற?”

“எங்களை மாதிரி ஆளுங்களைத் துரத்தணும்னு எல்லாரும் கத்தினப்ப, இருந்துட்டுப் போகட்டும்னு அவர் ஒருத்தர்தான் சார் சொன்னாரு. அதனால அவரைக் கொஞ்சம் பெருசா…”

“எங்க துக்கம் உனக்கு என்ன புரியும்? மச்சான் படம் இன்னும் வரலை. அதை எங்க வைப்ப, சொல்லு.”

மச்சான் வாடிய முகத்தோடு நின்றார். பேனரில் மிச்சமிருந்தது தலைவர் இருந்த மூலை மட்டும்தான்.

“தலைவரை யாருக்குத் தெரியாது? எடுத்துடு.”

“சார், அப்புறம் பேனர்ல…”

“உனக்குக் கையெழுத்து வேணுமா, வேண்டாமா?”

பேனர்காரர் பட்டனை அழுத்தினார். தலைவர் இரண்டாவது முறையாகக் காலமானார்.

மறுநாள் விடிவதற்குள் பேனர் தெருமுனையில் ஏறிவிட்டது. பால் வாங்க வந்தவர்கள் நின்று படித்தார்கள். கவுன்சிலர் முகம், கவுன்சிலர் பெயர், எங்களை விட்டுப் போய்விட்டீர்களே. கீழே சொந்தபந்தம் சோகமாக நிற்கிறது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

கொஞ்ச நேரத்தில் கவுன்சிலர் கடைக்கு வருவதாகத் தகவல் வந்தது. பேனர்காரர் மனைவியிடம் பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டு வாசலில் வந்து நின்றார். கவுன்சிலரைப் பார்த்ததும் ‘வருக வருக’ சொல்லக்கூட மறந்துவிட்டார்.

கவுன்சிலர் கத்தவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தெருவே மாலையோட வீட்டுக்கு வந்துடுச்சுய்யா. பல் தேய்ச்சுக்கிட்டே நான்தான் கதவைத் திறந்தேன்.”

“மன்னிச்சிடுங்க சார்.”

“வந்தவங்க வாசல்ல என்ன பேசிட்டிருந்தாங்க தெரியுமா? அடுத்து இந்த வார்டுக்கு யாரு நிக்கிறதுன்னு. என்னைப் பாத்ததும் ரெண்டு பேருக்கு மூஞ்சியே தொங்கிப் போச்சு. அந்தத் தையல்காரர், ‘அப்ப நாளைக்குக் கடை திறக்கலாமா’ன்னு கேக்கறாரு.”



“நேத்து தலைவருக்காகக் கதறினாங்களே, அதே ஆளுங்கதான். ஒவ்வொரு மூஞ்சியா பாத்தேன். ஒருத்தர் கண்ணுலகூடத் தண்ணி இல்லைய்யா.”

அவர் குரல் உடைந்தது. ஊரையே அதட்டும் மனுஷன் இப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பேனர்காரருக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது.

“நீ சொல்லு. நான் போனா நீயாவது அழுவியா?”

“கண்டிப்பா சார். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி போயிட்டீங்கன்னா, குடும்பத்தோட வந்து கதறுவோம்.”

கவுன்சிலர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“போட்டதுக்கு அப்புறம் போனா?”

பேனர்காரர் பேனாவைத் திறந்து நீட்டினார்.

“அது போட்டுப் பாத்தாத்தான் தெரியும் சார்.”