தம்பியின் கிட்டாருக்கு ஒரு பெடல்

“இது போதாது. எலும்பு உடையற சத்தம் வேணும்” என்று சொல்லிவிட்டு அக்கா கடையின் பேஸ் கிட்டாரை மறுபடியும் முஷ்டியால் குத்தினாள். கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்த, காலால் மிதித்துக் கிட்டார் சத்தத்தை மாற்றுகிற பெடல்கள் எல்லாம் கிடுகிடுத்தன.

கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. மாட்டியிருந்த பெடலைக் கழற்றிவிட்டு அடுத்ததை மாட்டினார். அவளோடு வந்திருந்த டிரம்காரன்தான் வெட்கத்தில் நெளிந்தான். நண்பர்கள் அவனுக்கு வைத்த பெயர் டமாரம். கையும் அப்படி, வாயும் அப்படி.

அக்கா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். ஹாரனைத் தவிர வேறு எதையும் வாசித்ததில்லை. ஆனாலும் டமாரம் வாசிக்கிற இசைக்குழுவின் சனிக்கிழமை நிகழ்ச்சியில் தம்பி இடத்தில் நான்தான் நிற்பேன் என்று அடம்பிடிக்கிறாள். தம்பி நிற்கிற நிலையில் இல்லை.

பயிற்சி முடிந்து பின்சந்துக்குள் போனவனை ஹெல்மெட் போட்ட எவனோ மடக்கி, அவன் கிட்டாரையே பிடுங்கி, அதனாலேயே அடித்துப் போட்டிருந்தான். விரல்கள் நொறுங்கிவிட்டன. தாடை பிளந்து கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். இன்னும் கண் திறக்கவில்லை.

பயிற்சி அறையைப் பூட்டிவிட்டுப் பின்னால் வந்த டமாரம்தான் முதலில் பார்த்தான். கிட்டாரின் பின்மூடி தெறித்துப்போய், பேட்டரி ரத்தத்தில் கிடந்தது. அன்று மதியம்தான் அவர்கள் இரண்டு பேருமாக அந்தப் பழைய கிட்டாரைத் திறந்து உள்ளே பேட்டரி வைத்திருந்தார்கள். மற்றவர்களிடம் அப்புறம் சொல்லி அசத்தலாம் என்று இருந்தார்கள். போலீஸ் வந்து, வழிப்பறியாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனது.

அக்கா அன்றைக்கு அழவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் டமாரத்தை உட்காரவைத்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கேட்டாள். மூடியை ஒட்டவைத்து, கிட்டாரைப் பைக்குள் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டாள். பெடல் வாங்கப் போகலாம் வா என்றாள்.

கடை கடையாக ஏறி இறங்கினார்கள். போன இடமெல்லாம் முதல் கேள்வி ஒன்றுதான். கிட்டாரில் பேட்டரி உண்டா, இல்லையா? பேட்டரி இருந்தால் சத்தம் முரட்டுத்தனமாக வரும், சத்தத்தைக் கரகரப்பாக்குகிற ஃபஸ் பெடல் தாங்காது. பதில் சொல்ல வாயெடுத்த டமாரத்தின் காலை அக்கா ஒவ்வொரு தடவையும் மிதித்தாள். நாளெல்லாம் பிரேக்கை மிதிக்கிற கால் அது. அவன் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது.

இந்தக் கடைக்காரர் மட்டும் கேள்வி எதுவும் கேட்கவில்லை. தங்கமான மனுஷன். ஆப்பிளோடு ஆஸ்பத்திரிக்கு வந்து கண் கலங்கிவிட்டுப் போனவர். அதுவும் தம்பி செய்த காரியத்துக்குப் பிறகு. சொந்தக் கையால் செய்தது என்று அவர் யானை விலைக்கு விற்ற பெடலை, தம்பி நாலு பேர் முன்னால் திறந்து, உள்ளே இருப்பதை மறைக்கப் பூசியிருந்த கறுப்புப் பிசினைச் சுரண்டி, எங்கேயும் கிடைக்கிற மலிவுச் சரக்குதான் இது என்று காட்டிவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். கடைக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார். டமாரத்துக்கு அவர்மேல் மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

டிஸ்டார்ஷன் பெடல் பல்லை நறநறவென்று கடித்தது. ஃபஸ் பெடல் சதையைக் கிழித்தது. ஆனால் கிழிக்கிற வேகத்தில் பேஸின் அடிச்சத்தம் காணாமல் போனது. அது இல்லாவிட்டால் நான் யாரோடு சேர்ந்து அடிப்பது என்று டமாரம் முனகினான்.

கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து கனமான பெடல் ஒன்றை எடுத்தார். ஃபஸ் ஒரு பக்கம் கிழிக்கும், கிட்டாரின் சொந்தச் சத்தம் இன்னொரு பக்கம் அப்படியே நிற்கும், இரண்டையும் கலந்துகொள்ள ஒரு திருகு உண்டு என்று காட்டினார். கடையின் கிட்டாரில் அக்கா ஓங்கி ஒரு குத்து விட்டாள். சுவர் இடிந்து விழுந்த மாதிரி இருந்தது. தெருவில் போனவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

“இதுதான்” என்றாள் அக்கா. அத்தனை நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தான் டமாரம்.

கடைக்காரருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. தொழில்காரன் பெருமையோடு பெடலின் ஓரத்தில் இருந்த சின்னச் சுவிட்சைத் தொட்டுக் காட்டினார். “வீட்டுல போய் இதை மட்டும் கீழ தள்ளிக்குங்க மேடம். தம்பி கிட்டார் பேட்டரி கிட்டார் இல்லையா, இல்லேன்னா ஃபஸ் திணறும்.”

அக்கா தலையாட்டினாள். முதுகிலிருந்த பையை இறக்கி மேசைமேல் வைத்தாள். அந்தக் கடையில் அதன் ஜிப்பை அப்போதுதான் திறந்தாள். கிட்டார் கட்டையில் காய்ந்து கறுத்திருந்த கறையைப் பார்த்ததும் கடைக்காரர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

“பேட்டரி இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

“தம்பிதான். போன மாசம் கடைக்கு வந்தப்போ.”

போன மாதம் அந்தக் கிட்டாரில் பேட்டரியே கிடையாது என்று டமாரத்துக்கு உறைத்தது. அக்கா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்துபோய்க் கடையின் ஷட்டரை உள்ளிருந்து தரைவரைக்கும் இழுத்துவிட்டாள்.

கடையின் கிட்டாரை எடுத்து டமாரத்தின் கையில் திணித்தாள். தம்பியின் கிட்டாரை அதன் கழுத்துப் பக்கமாக இரண்டு கையாலும் ஓங்கிப் பிடித்துக்கொண்டாள்.

“நீ வாசிடா. வெளியில வேற எதுவும் கேக்கக் கூடாது.”