எட்டாங்கட்டையில் நிற்கும் கார்

பேச்சாயிக்கு ஈப்போவில் ரத்தம் கழுவ வாரம் மூன்று நாள், பதினோரு மணிக்கு மெஷின். பிந்தினால் கழுவும் நேரம் குறையும், கால் வீங்கிவிடும். அவள் புருஷன் அங்கமுத்துவின் பழைய காரோ மூன்று வாரமாக எட்டாங்கட்டைச் சந்தியில், ரப்பர் தோட்டம் இருந்த காலத்தில் விடியற்காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூடிய இடத்தில், தவறாமல் நின்றுவிடுகிறது.

"பெட்ரோல் பம்ப் புதுசு லா அண்ணே. சாவிய திருப்புனா பின் சீட்டுக்கு அடியில உம்முனு கேக்கணும். கேக்கலன்னா ஒயர பாருங்க," என்று ஒர்க்‌ஷாப் குணாளன் சொல்லியிருந்தான்.

அன்றும் நின்றது. அங்கமுத்து சாவியைத் திருப்பினார். சத்தமில்லை.

"கார மாத்துங்க, இல்ல பொண்டாட்டிய மாத்துங்க," என்றாள் முன் சீட்டிலிருந்த பேச்சாயி.

"ரெண்டுக்கும் பார்ட்ஸ் கிடைக்காது லா."

ராக்காவல் முடித்து வந்த அசதியோடு இறங்கி, ஒயரைப் பார்க்கப் பின் கதவைத் திறந்தார். சீட்டைத் தூக்கக் குனிவதற்குள் அது, ஆள் உட்கார்ந்தாற்போல், ஓர் அங்குலம் அமுங்கியது. அடியில் பம்ப் 'உம்' என்றது. யோசிக்க நேரமில்லை. கதவைச் சாத்தினார். கார் கிளம்பியது.

அதன் பிறகு அங்கே அவரே காரை நிறுத்துவார், பின் கதவைத் திறந்து சாத்துவார், புறப்படுவார். பம்ப் தகராறு செய்யவில்லை. பேச்சாயி ஒருநாளும் பிந்தவில்லை.

நேற்று ரத்தம் கழுவும் மையத்தின் வாசலில் இறங்கியதும் அவள் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கமுத்து அதைச் சாத்தப் போனார்.

"பொறுங்க," என்றாள். "அந்தம்மா இன்னும் கால வெளிய எடுக்கல."