முன்னால் உட்கார்ந்தவர்

முதல் அநியாயம், கருப்பம்மாளின் புருஷனை வேறு தோட்டத்துக்கு ஏற்றி அனுப்பியது. "அவன் தாலி கட்டினதை யாரு பார்த்தா?" என்று கேட்டார் அப்பாவு கங்காணி.

இரண்டாவது, ராமையாவின் பெண்டாட்டியைத் தன் வீட்டு அடுப்படிக்கு எடுத்துக்கொண்டது. ராமையா போய் நின்றான். அதே கேள்வி.

மூன்றாவது, தான் சாட்சியாக முன்னால் உட்காராமல் தோட்டத்தில் எந்தக் கல்யாணமும் செல்லாது என்று சட்டம் போட்டது. அதைக் கண்டித்துத் தோட்டத்துக் கூலிகள் நாங்கள் அச்சடித்த துண்டறிக்கைகளில் அவர் வீட்டு வெந்நீர் காய்ந்தது.

நான்காவது, பத்துமலைக்கும் நல்லம்மாளுக்கும் முன்னால் உட்கார மறுத்தது. வெள்ளைக்காரத் தொரை புருஷன் பெண்டாட்டியைப் பிரிக்க மாட்டார். ஆனால் யார் பெண்டாட்டி, யார் ஒண்டிக்கட்டை என்று தொரையிடம் சொல்கிற வாய் கங்காணியின் வாய். விடிந்தால் பத்துமலை பாகான் டத்தோ தென்னந்தோட்டத்துக்கு. நல்லம்மாள் கங்காணி அடுப்படிக்கு.

ஐந்தாவது, அன்று எங்களையே தம் மகள் கல்யாணப் படத்தில் நிற்கச் சொன்னது.

இருபத்தாறாம் வருஷம். பீடோரில் ஈயம் தோண்டிய பழைய குட்டையின் கரையில் அவர் கட்டிய வீடு. முகூர்த்தம் முடிந்ததும் தண்ணீர் தெரிகிற மாதிரி நாற்காலிகள் போட்டார்கள். நடுவில் தொரை, ஒரு பக்கம் மணமக்கள், மறு பக்கம் கங்காணி. அவர்களுக்குப் பின்னால் பெஞ்சுமேல் நாங்கள். எங்களுக்குப் பின்னால் குட்டை.

"ஈப்போ ஆளுங்க படத்தைப் பார்த்துட்டு, அப்பாவுக்கு இம்புட்டு சனமான்னு வாயைப் பொளக்கணும்," என்றார் கங்காணி.

படம் பிடிக்க ஈப்போவிலிருந்து வந்தவர் இராசையா, யாழ்ப்பாணத்துக்காரர். தொரையைக் கும்பிட்டார். கங்காணியின் தலை உருமாலைத் தம் கையாலேயே சரிசெய்தார். எங்களிடம் வரும்போது மட்டும் குரல் ஏறியது.

"சத்தம் போடாதேங்கோ! இது என்ன சந்தையோ?"

"கிராணிக் கூட்டம். கணக்கெழுதி, தொரை வாலைப் புடிச்சே வளந்தது," என்றாள் என் பக்கத்தில் நின்ற வீரம்மா, அவர் காதில் விழும்படி.

"அந்தப் பிள்ளை ஏன் அழுகிறா? படம் பழுதாய்ப் போகும்."

"போவட்டும்! நாளைக்கு அவளைக் கங்காணி அடுப்படிக்கு இழுத்துக்கிட்டுப் போறாங்க. இந்தா நிக்கிறானே, கட்டிக்கப் போறவன், இவன் மடியில தாலி வாடுது. முன்னால வந்து உக்காரக் கங்காணிக்கு மனசில்ல. அதையும் சேர்த்துப் படம் புடிங்க சாமி!"

இராசையா நல்லம்மாளை விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டு, பத்துமலை பக்கத்தில் நிறுத்தினார்.

"அங்க உயரம் சரியில்லை. இங்க நில். அழாதை."

"மனுசனாய்யா நீ?" என்றாள் வீரம்மா.

அவர் போய்ப் படப்பெட்டியின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எல்லாரும் முன்னுக்குப் பாருங்கோ. நான் சொல்லுமட்டும் ஒருத்தரும் திரும்பப்படாது. திரும்பினால் படத்தில துரைக்கு ரெண்டு தலை விழும்."

தொரை விறைத்துப்போனார். கங்காணி மூச்சைக்கூட அடக்கினார்.

"பின்வரிசைப் பெடியன். மடியில இருக்கிறதை எடு."

எங்கள் யாருக்கும் விளங்கவில்லை.

"எடு. கட்டு."

"ஐயா, கங்காணி முன்னால உக்காரணும்..." என்று இழுத்தான் பத்துமலை.

"முன்னாலதானே இருக்கிறார்."

எனக்கு நேர் கீழே கங்காணியின் பிடரி. அதில் நரம்பு புடைத்தது. நாற்காலி கிரீச்சிட்டது.

"கங்காணியார், கழுத்து! துரையின்ர தலை!"

கழுத்து நின்றது.

"என்னடி, கட்டவா?" பத்துமலை மடியிலிருந்து தாலியை எடுத்தான்.

"இதைக் கேக்கவா இம்புட்டு நாளு? இறுக்கிப் போடு," என்றாள் நல்லம்மாள். அழுகையைக் காணோம்.

முடிச்சு விழுந்ததும் இராசையா துணியை விட்டு வெளியே வந்தார். பெட்டியின் மூடியைக் கழற்றினார். தொரை, மணமக்கள், கங்காணி, கூலிச்சனம், யாரும் இமைக்கவில்லை. மூடியைப் போட்டார்.

வீரம்மா குலவை போட்டாள். பெஞ்சு அதிர எல்லாப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

கங்காணி துள்ளி எழுந்தார். "இது கல்யாணமாடா? எவன்டா பார்த்தான்?"

"இந்தப் பெட்டி பார்த்தது," என்றார் இராசையா. பிறகு தொரையிடம் திரும்பினார். "துரை, ஒரே பந்தலில ரெண்டு கலியாணம். ரெண்டுக்கும் கங்காணியார்தான் முன்னால இருந்தவர்."

தொரைக்குத் தோட்டத் தமிழ் தெரியும். எழுந்து கங்காணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப நல்ல காரியம், கங்காணி!"

எங்கள் ஆயிரம் துண்டறிக்கைகளை அடுப்பில் போட்ட கை அது. தொரையின் கைக்குள் சும்மா கிடந்தது.

"படத்துக்குக் கீழே பேர் போடவேணும்," என்றார் இராசையா. வீரம்மாவிடம் பேர்களைக் கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டு, குரலை உயர்த்தினார். "வாசிக்கிறன். பிழையெண்டால் இப்பவே, துரைக்கு முன்னால சொல்லிப்போடுங்கோ."

விடியற்காலை ஆளெண்ணும் பெரட்டில் கங்காணி எங்களைக் கூப்பிடுகிற மாதிரியே ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். முன்வரிசை முடிந்தது. பின்வரிசைக்கு வந்தார்.

"பத்துமலை."

"இருக்கேன்யா!"

இராசையா கங்காணியின் முகத்தைப் பார்த்தார். அவசரப்படாமல் காத்திருந்தார். ஒருவரும் பிழை சொல்லவில்லை.

"பத்துமலையின் மனைவி, நல்லம்மாள்."