வாளிக் கட்சி

கிட்ட வந்து ஒக்காருங்க. ராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல, லயத்து வரிசை வீடுங்கள்ல நடந்தது இது. கத்திச் சொன்னா கந்தப்பன் காதுல விழுந்துரும்.

மேல் லயத்துக் காளியாயிக்கு அன்னைக்கு வந்த கோபம் இருக்கே! அடுப்புல சோறு கொதிக்குது. அப்படியே விட்டுட்டு, வாளியத் தூக்கிக்கிட்டுப் பிரேமினி வீட்டு வாசல்ல போய் நின்னா.

"ஏ பிரேமினி! வெளிய வாடி!"

பிரேமினி அந்த லயத்துலருந்து பிரதேச சபைக்குப் போன மொதப் பொம்பளை. கோயில் மேட்டுல வத்தாத ஊத்து இருந்தும், மேல் லயத்துப் பொம்பளைங்க கீழ பீலியில வழியுற தண்ணிக்கு வழுக்குப் படியில எறங்கி ஏறிக்கிட்டு இருந்தாங்க. ஊத்துலருந்து குழா போட்டுக் குடுங்கன்னு, வெறும் வாளியோட ரோட்டுல ஒக்காந்தாங்க. ஒக்காந்த கூட்டம் கட்சியாச்சு. கட்சிக்குப் பேரு நீளமா வச்சாங்க. ஊரு வச்ச பேரு வாளிக் கட்சி. சாராயப் போத்தல் இல்ல, சோத்துப் பார்சல் இல்ல. வாளியக் காட்டித்தான் ஓட்டுக் கேட்டாங்க. காளியாயி ஏறாத வாசல் இல்ல. கெடைச்சது ஒரே ஒரு எடம்.

தவிசாளர் கந்தப்பன், அதான் சபைத் தலைவர், பெரிய கட்சி ஆளு. அவரு ஊரு கீழ பள்ளத்து லயம். பிரேமினி சபையில தண்ணி கேக்குறப்பல்லாம், "வாளிக் கட்சிக்கு எதுக்கும்மா குழா? வாளிதான் இருக்கே!"ன்னு சிரிப்பார். அவரு ஆளுங்க எதிர்த்துக் கையத் தூக்குவாங்க. அதோட சரி.

இந்தத் தடவை பிரேமினி எழும்பி, பள்ளத்து லயத்துக்குத் தண்ணி குடுங்கன்னு கேட்டுட்டா! கந்தப்பனோட சொந்த லயத்துக்கு! ஒரு கை எதிர்க்கல.

"ஓட்டுப் போட்டது நாங்க, தண்ணி அவங்களுக்கா? கந்தப்பன் என்னடி குடுத்தான்?"ன்னு வாசல்ல நின்னு கத்துனா காளியாயி.

"ஒண்ணும் குடுக்கல பெரியம்மா. பள்ளத்துலயும் பொம்பளைங்கதான சொமக்குறாங்க?"

"எம் மருமக வாயும் வயிறுமா இருக்கா. நேத்துப் பீலிப் படியில சறுக்கிட்டா. கை பிசகுனதோட போச்சு. நாளைக்கு என்ன ஆகுமோ! நீ பள்ளத்துக்காரிக்கு எரக்கப்படு!"

பிரேமினி எதையோ சொல்ல வாயத் தொறந்தா. மூடிக்கிட்டா.

"இந்தா, ஒன் கட்சி!" காளியாயி வாளிய வாசல்ல வீசிட்டுப் போயிட்டா.

அப்புறம் பேச்சு வார்த்தை இல்ல. கொழுந்து எடுக்குறப்ப பிரேமினி பக்கத்து நெரைக்கு வந்தாக்கூட, காளியாயி வேற நெரை பாத்துப் போயிருவா.

ஒரு காலையில காளியாயி வாசல்லயே மம்பட்டிச் சத்தம்.

"யாரக் கேட்டுடா வாசலத் தோண்டுறீங்க?"

"பள்ளத்துக்குக் குழா போகுது அத்தை"ன்னான் குழா போட வந்த சோலைமலை. "ஊத்து மேல. பள்ளம் கீழ. நடுவுல நீங்க. குழா பறந்தா போகும்? நேரா எறக்குனா தண்ணி வேகத்துக்கு வெடிச்சுரும். அதனால வேகத்தக் கொறைக்கிற தண்ணித் தாங்கியும் ஒங்க லயத்துலதான்."

"அப்ப எங்களுக்கும் தண்ணி விடுவாங்களாடா?"

"தாங்கியில பைப்பு வைக்கிறோம். தொறந்து விடுறது தவிசாளர் இஷ்டம்."

காளியாயி மேட்டப் பாத்தா. பள்ளத்தப் பாத்தா. பிரேமினி வீட்டுக்கு ஓடுனா.

"அடியே! எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"ஒங்ககிட்ட சொல்றதும் காலையில எல்லாரும் வேலைக்குக் கூடுற பெரட்டுல கூவுறதும் ஒண்ணு, பெரியம்மா. கந்தப்பன் அன்னைக்கே வேணாம்னுருப்பாரு."

தாங்கி தொறக்குற நாளும் வந்துச்சு. கல்லுல கந்தப்பன் பேரு. கழுத்துல மாலை. தாங்கிப் பைப்பத் திருகுனார், தண்ணி கொட்டுச்சு. சுத்திலும் போன்ல வீடியோ புடிக்கிறாங்க. கந்தப்பனுக்குத் தலகால் புரியல.

"மேல் லயம், கீழ் லயம்னு பிரிச்சுப் பாக்குறவன் இல்ல இந்தக் கந்தப்பன்!"

மொதல்ல கை தட்டுனது பிரேமினிதான்.

"நம்ம புள்ளதான இதுக்கு..."ன்னு காளியாயி ஆரம்பிச்சா. பிரேமினி அவ கையப் புடிச்சு ஒரு அழுத்து அழுத்துனா.

அப்புறம் முன்னால வந்தா.

"தலைவரே, இந்தப் பெரியம்மா வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கா. மொத வாளிய ஒங்க கையாலயே புடிச்சுக் குடுத்துருங்க!"

அத்தன போனும் அவரு பக்கம் திரும்புச்சு.

காளியாயி வீசிட்டுப் போன அதே வாளிய, பிரேமினி கந்தப்பன் கையில குடுத்தா.