திருகில் இருந்த கை

நுண்ணோக்கியோடு இணைத்த திரையில், மணல் துகளளவே இருந்த, ஓடுடைய கடல் நுண்ணுயிர் ஒன்று தன் ஒற்றைச் செல்லிலிருந்து நூல் நூலாகக் கைகளை நீட்டி, இறால் குஞ்சை உயிரோடு பிய்த்துக்கொண்டிருந்தது. இரண்டு கால்கள் போய்விட்டன. இதயம் மட்டும் துடித்தது.

"கண்ண எடுக்காத ஜெசிந்தா. சாகுற வரைக்கும் ரெக்கார்டு ஆகணும்," என்றார் பேராசிரியர் பாண்டித்துரை.

மூன்று மணி நேரம் பார்த்தாள். குஞ்சின் இதயம் அப்போதும் துடித்துக்கொண்டிருந்தது. பிறகு நுண்ணோக்கியின் திருகை வேண்டுமென்றே கீழே திருகினாள். லென்ஸ் இறங்கிக் இரண்டும் கிடந்த கண்ணாடித் தகட்டை நொறுக்கியது.

"அடிப்பாவி, என்ன பண்ணின?"

"கை தவறிடுச்சு சார்."

"தூக்கு, லென்ஸத் தூக்கு!"

தூக்கினாள். ஓடு பொடியாகிக் கிடந்தது. குஞ்சின் இதயம் நின்றிருந்தது. அறுந்த நூல்கள் மட்டும் அதை விடாமல் இழுத்துக்கொண்டிருந்தன.

"அற்புதம்!" என்று அவர் திரையை நோக்கிக் குனிந்தார். அவள் கை இன்னும் திருகிலேயே இருந்தது.