எழுதிக் கொடுத்த குரல்

சர்க்கரை நோயைப் பொடியாலேயே விரட்டிவிடலாம் என்று, அந்தப் பொடியை விற்கும் கம்பெனிக்காக ஊரெல்லாம் போனில் பேசிய வடிவுக்கு, ஒரு கட்டத்தில் மனசு ஒப்பவில்லை. வேலையை விட்டாள். குரலைத்தான் மீட்க முடியவில்லை. சேரும்போதே அதன் உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. அவள் இல்லாமலே, கம்ப்யூட்டர் வழியாக அது அங்கே வேலை பார்த்தது.

தென்காசியில் தனியாக இருக்கும் அப்பாவை அழைத்தாள்.

“இன்சுலின் போட்டீங்களாப்பா?”

“அத நிறுத்திட்டேனே! பொடியே போதும்னு நீதானம்மா சொன்ன?”

“ஐயோ, அது நான் இல்லப்பா! கம்பெனி பேசவிட்ட குரல். உடனே ஊசி போடுங்க!”

“எம்மக சரியாத்தான் சொல்லியிருக்கா,” என்றார் அப்பா. “‘என் குரல்லயே ஒருத்தி கூப்பிட்டு ஊசி போடச் சொல்லுவா, நம்பாதீங்கப்பா’ன்னு.”

போனை வைத்துவிட்டார்.