சாவுக்கு முதல் ஆள்

ஊராட்சித் தலைவர் பதவியில் இருந்த ஐந்து வருடத்தில் அவன் ஒரு தெருவிளக்குகூடப் போடவில்லை. ஆனால் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து அழுவான். அதற்கே ஊர் உருகியது.

இந்தத் தேர்தலில் அவனை எதிர்த்து என் மகன் நின்றான்.

"உங்க பையன் தங்கமானவர்தாங்க. ஆனா சிரிக்க மாட்டேங்குறாரே!" என்றார் முடிதிருத்துபவர்.

"ஓட்டுக்காகப் பல்லைக் காட்டுற வம்சமில்ல எங்களது" என்றேன்.

நேற்று மகன் தயங்கியபடி வந்தான். "வாபஸ் வாங்கிடலாம்ப்பா. சிரிச்சுக்கிட்டேதான் மிரட்டுறான். பயமா இருக்கு."

"வச்ச காலைப் பின்னால எடுத்தா நான் எப்படித் தெருவுல நடக்குறது? போய் ஓட்டுக் கேளு."

இன்று காலை பக்கத்துக் கிராமத்துக்கு பைக்கில் தனியாகக் கிளம்பிப் போனான்.

பத்து மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது. கையில் மலர்வளையத்தோடு அந்தத் தலைவன் இறங்கினான். கண்கள் கலங்கியிருந்தன.

"யார் வீடுன்னு நெனச்சு வந்தே? இங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்!" என்று அதட்டினேன்.

அவன் அழுகையை நிறுத்தினான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"மன்னிச்சிருங்க பெரியப்பா. கொஞ்சம் சீக்கிரமா வந்துட்டேன் போல" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.